பூட்டிய கதவும் ஒற்றை வாக்கியமும்

கொக்கரைப்பட்டியில் புத்திக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே அது நிறையவே இருக்கிறது. யாரும் எடுத்துச் செலவு செய்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் அங்கமுத்துவின் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு கன்னடக்காரப் பையனைப் பிடித்துப்போக, இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பையனின் அப்பா அம்மா பெண் வீட்டுக்கு வருகிறார்கள். மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. ஒரு வார்த்தையாவது கன்னடத்துல பேசுங்க. இல்லேன்னா மதிக்கலைன்னு நினைச்சுக்குவாங்க."

அங்கமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து டவுனிலிருந்து வனமாலா டீச்சரை வரவழைத்து, பஞ்சாயத்துக் கட்டடத்தில் கன்னட வகுப்பு ஏற்பாடு செய்தார். பேசிப் பழக ஆள் வேண்டுமே என்று நண்பர்கள் வீரணனும் பொன்னரசும் பெத்தண்ணனும் சேர்ந்துகொண்டார்கள்.

முதல் நாளே டீச்சர் சொல்லிவிட்டார். "மனப்பாடம் பண்ணி மொழி வராது. நாளைக்கு நிஜமான பிரச்சினை ஒண்ணோட வாங்க. அதைக் கன்னடத்துலயே பேசித் தீர்க்கணும். தமிழ் காதுலயே விழக் கூடாது. நான் ஒதுங்கித்தான் இருப்பேன், உதவ மாட்டேன்."

நால்வரும் டீக்கடை பெஞ்சில் கூடி யோசித்தார்கள்.

"எனக்குப் பல்வலி இருந்துச்சு. போன மாசம்தான் சரியாப் போச்சு," என்றான் பொன்னரசு.

"அவசரப்பட்டுட்டியேப்பா," என்று வருத்தப்பட்டார் அங்கமுத்து.

"என் மச்சான்கிட்ட நிறையக் கிடக்கு. ஒண்ணு கேட்டு வாங்கியாரவா?" என்றான் பெத்தண்ணன்.

"இரவல் பிரச்சினை எதுக்கு? சொந்தமா ஒண்ணு செஞ்சுக்குவோம்," என்றான் வீரணன். அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

மறுநாள் டீச்சர் உள்ளே போனதும், நால்வரும் வெளியே நின்று கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டார்கள். டீச்சரும் ஒதுங்கியாயிற்று, பிரச்சினையும் கிடைத்தாயிற்று. பிறகு பேசித் தீர்க்க உட்கார்ந்தார்கள். பூட்டுக்குக் கன்னடத்தில் என்ன, சாவிக்கு என்ன, கிணற்றுக்கு என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. புத்தகமெல்லாம் உள்ளே இருந்தது. ஆகவே வாயே திறக்காமல் வெகுநேரம் விவாதித்தார்கள்.

உள்ளேயிருந்து டீச்சர் கதவைத் தட்டினார். "யோவ், கதவைத் திறங்கய்யா!"

வீரணன் காதைப் பொத்திக்கொண்டான். மற்ற மூவரும் பொத்திக்கொண்டார்கள்.

டீச்சருக்கு மெல்ல விஷயம் விளங்கியது. தொண்டை கிழியக் கத்தினார். "பாகிலு தெகீரி!" கதவைத் திறங்க என்பதற்குக் கன்னடம் அதுதான்.

கன்னடம் காதில் விழுந்ததும் நால்வருக்கும் முகம் மலர்ந்தது. கைகட்டி வரிசையாக நின்று, "பாகிலு தெகீரி!" என்று திருப்பிச் சொன்னார்கள். அவர் கத்தக் கத்த இவர்களும் சளைக்கவில்லை. கடைசியில் கொல்லர் வந்து பூட்டை உடைத்தார். டீச்சர் செருப்பைக்கூடத் தேடாமல் பஸ் ஏறினார். வகுப்பு அத்தோடு சரி. ஆனால் அந்த ஒரு வாக்கியம் அங்கமுத்துவின் வாயில் அச்சாகப் பதிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சம்பந்திகள் வந்தார்கள். அங்கமுத்து பெரிய கும்பிடாகப் போட்டு அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்தார். வாக்கியம் தொண்டைவரை வந்து நிற்கிறது, கதவோ திறந்து கிடக்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். சட்டென்று நண்பர்களோடு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மரியாதையாகத் தட்டினார்.

"பாகிலு தெகீரி!"

சம்பந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிவந்து கதவைத் திறந்து, வாய் நிறைய அழைத்தார். "பன்னி, ஒளகே பன்னி!" வாங்க, உள்ளே வாங்க என்று அர்த்தம்.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ள பன்னி பூந்துருச்சாம்," என்றான் பெத்தண்ணன்.

"பாவம், நமக்குப் புரியணும்னு தமிழ்லயே சொல்றார்," என்றான் பொன்னரசு.

"டீச்சர் கேட்ட நிஜமான பிரச்சினை இதான்," என்றான் வீரணன். "வெளிய ஓடிறப் போவுது, சாத்து கதவை!"

அங்கமுத்து கதவை இழுத்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளும் போட்டார். உள்ளே அவர் மனைவி, "ஏங்க, உங்களுக்கென்ன கிறுக்கா? திறங்க!" என்று கத்தினாள். தமிழ் என்பதால் நால்வரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கையை எடுத்தபோது சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் சேர்ந்து கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாகிலு தெகீரி! பாகிலு தெகீரி!"

அங்கமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்டுக்குள்ள பன்னிய வச்சுக்கிட்டும் நமக்குப் பாடம் எடுக்கிறாங்கப்பா. இவங்களவிட நல்ல சம்பந்தம் எங்க கிடைக்கும்?" என்றார்.

நால்வரும் கைகட்டி வரிசையாக நின்று, திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.