மணிக்கட்டுச் சந்தனம்

இந்தச் சந்தனத்தைக் கழுவிவிட்டுப் போயிருந்தால் ஓடத்துறை அதிகாரி எவ்வளவு கூலி சொல்லியிருப்பார்?

அரசவைத் தூணோரம் நின்ற வடிவு தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னொரு காலத்தில், நடுவே பெரிய ஆறு ஓடிய ஒரு நாட்டில், அரசரைச் சிரிக்கவைப்பது அவள் வேலை. அன்று அவளுக்கே சிரிப்பு வரவில்லை. அக்கரையில் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்திருந்தது. தாயில்லாத பெண், அக்காவைத்தான் தேடுவாள்.

காலையில் துறைக்கு ஓடி ஓடக்கூலி கேட்டாள். வீட்டுக்குப் போய்ப் பணம் எடுத்து வருவதற்குள் கூலி ஏறிவிட்டது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி வந்தாள், மறுபடியும் ஏறியிருந்தது. அவளுக்குப் பின்னால் வந்த வளையல்காரர் சும்மா விசாரித்தார். அவருக்கு மட்டும் காலையில் சொன்ன அதே கூலி. ஓடத்தில் பாதி இடம் காலியாகத்தான் கிடந்தது.

ஊராரின் முறையீடு அரசர் காதுக்கும் போயிருந்தது. அவையில் அவர் விசாரித்தபோது ஓடத்துறை அதிகாரி அம்பலக்கூத்தர் பதறவில்லை. இடம் குறையக் குறையக் கூலி ஏறுவது இயல்பு என்றார். கூலி கேட்க வரும் ஒவ்வொருவருக்கும் துறையில் மணிக்கட்டில் சந்தனம் பூசி உபசரிப்பதையும் பெருமையாகச் சொன்னார். பிறகு தூணோரம் திரும்பிப் பார்த்தார். வடிவு பேசி அரசர் சிரிக்கும்போதெல்லாம் சுருங்கிப்போகும் முகம் அது.

"கணக்கு அறியாதவர்களுக்கு இது விளங்காது அரசே. வேண்டுமானால் தங்கள் விகடக்காரியை விளக்கச் சொல்லிப் பாருங்கள்."

அரசருக்கு அந்த விளையாட்டு பிடித்துவிட்டது. கூலி ஏறும் காரணத்தை உடனே சொன்னால், அவள் விடுப்புக் கேட்டிருந்தபடி அரண்மனை ஓடத்திலேயே அக்கரைக்கு அனுப்புவதாகவும், சொல்லாவிட்டால் இருட்டும்வரை அவள் அவையைவிட்டு நகரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

வடிவு பூசைத் தட்டிலிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து அரசரின் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தாள்.

"சொல்கிறேன் அரசே. விலை ஒரு வெற்றிலை."

அரசர் புன்னகையோடு அமைச்சரைப் பார்த்துவிட்டு, சரி சொல் என்றார்.

"இப்போது வெற்றிலைப் பெட்டி."

"ஏன்?"

வடிவு அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். "இப்போது தங்கள் மோதிரம்."

அரசரின் முகம் சிவந்தது. விசிறி வீசிக்கொண்டிருந்த பணியாளரைக் கேட்கச் சொன்னார். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு காரணம் என்னவென்று கேட்டார்.

"உங்களுக்கு ஒரு வெற்றிலை போதும் அண்ணே."

அரசர் பணியாளரின் வெறும் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆக, என் கையே என்னைக் காட்டிக்கொடுத்ததா?"

"ஆமாம் அரசே. முதல் தரம் கேட்பவர் விலை விசாரிக்கிறார். கையில் சந்தனத்தோடு திரும்பி வந்து கேட்பவர் போயே ஆக வேண்டியவர். ஓடத்தில் எத்தனை இடம் இருக்கிறது என்று அதிகாரி பார்ப்பதில்லை. எங்களுக்கு வேறு வழி இல்லை என்பதைப் பார்க்கிறார்."

அந்தக் கணமே யாராயிருந்தாலும், எத்தனை முறை கேட்டாலும் ஒரே கூலி என்று ஆணை பிறந்தது. அம்பலக்கூத்தர் தரையைப் பார்த்தபடி நின்றார். அரண்மனை ஓடத்தைத் தயார் செய்யச் சொன்ன அரசர், சந்தனக் கிண்ணத்தைக் கையில் வாங்கி முகர்ந்தார். அவர் கண்ணில் வந்த அதே யோசனையை வடிவு காலையில் துறையில் அதிகாரியின் கண்ணிலும் பார்த்திருந்தாள். அதனால் அவர் பேசுமுன்பே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நல்ல உபாயம் இது. நாளை முதல், முறையிட வருபவர்களுக்கு அவை வாயிலில் நீயே பூசிவிடு. யார் எத்தனை முறை வந்தார், யாருக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரிந்திருக்கட்டும். சம்மதம் சொல்லிவிட்டு ஓடத்தில் ஏறு."

வடிவு கிண்ணத்தை வாங்கிப் பூசைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். முந்தானையால் தன் மணிக்கட்டை அழுத்தித் துடைத்தாள்.

"அரண்மனை ஓடம் வேண்டாம் அரசே. நான் துறைக்கே போய்க்கொள்கிறேன். இனி எல்லாருக்கும் ஒரே கூலிதானே."