பால் செம்புக்கு ஒரு காவல்காரர்

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு ஏமாங்குளத்திலிருந்தும் மூன்று பேர் போயிருந்தார்கள். வாசலில் 'வரிசையில் வரவும்' என்று ஒரு பலகை. அதைப் படித்துவிட்டு, வரிசை எங்கே இருக்கிறது என்று மூவரும் தேடப் போனார்கள். தேடிவிட்டுத் திரும்புவதற்குள் அங்கே பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

அதனால் என்ன, மூன்று பேருக்கும் அரசாங்க வேலை கிடைத்தது.

ஏமாங்குளம் ஆதரவு அலுவலகத்தில் அம்பலவாணர் கண்காணிப்பாளர். திருமேனி எழுத்தர். கொண்டல்சாமி பியூன். புருஷன் விட்டுப்போன பெண்கள், சோற்றுக்கு வழியில்லாத பிள்ளைகள், வேலை தேடி அலைகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். மூவரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டார்கள். எறும்பு மனுக் கொடுத்தால்தான் சிக்கல்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பவளக்கொடி ஏழு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் செங்கோடன் புளி வாங்கி வருகிறேன் என்று சந்தைக்குப் போனவன். அடுத்த ஊரில் வேறொருத்திக்குப் புளி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கவலையில் இவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை மணிமாறனுக்குக் கஞ்சித் தண்ணிதான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

பவளக்கொடி கோர்ட்டுக்குப் போனாள். நீதிபதி நல்ல மனிதர். செங்கோடனிடம் இருந்த ஒரே உருப்படி ஒரு கறவைப் பசு. 'குழந்தையின் பராமரிப்புக்காக இந்தப் பசுவை ஆதரவு அலுவலகம் குழந்தையின் கையில் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதும்போது ஏமாங்குளத்தை அவர் நினைக்கவில்லை, பாவம்.

பசு வந்து அலுவலக வேப்பமரத்தடியில் நின்றது. அம்பலவாணர் உத்தரவை மூன்று தடவை படித்தார்.

"கொண்டல்சாமி, கயித்தைக் குழந்தை கையில குடு."

கொண்டல்சாமி கொடுத்தார். மணிமாறன் கயிற்றை வாங்கி வாயில் வைத்தான்.

"கையில ஒப்படைக்கணும்னுதான் இருக்கு. வாயில ஒப்படைக்கலாம்னு எங்கயாவது இருக்கா திருமேனி?"

"இல்லைங்க ஐயா. நாலு பக்கமும் பார்த்துட்டேன்."

"ஐயா, நான் வாங்கிக்கிறேனே. பெத்தவதானே?" என்றாள் பவளக்கொடி.

"நீங்க குழந்தையாம்மா?"

"இல்லைங்க ஐயா."

"பின்னே?" என்றார் அம்பலவாணர், மிகவும் அன்பாக.

கயிற்றை ஒரு வழியாகப் பிள்ளையின் கையில் சுற்றிக் கட்டியாகிவிட்டது. அடுத்தது கையெழுத்து. மணிமாறன் பேனாவையும் வாயில் வைத்தான்.

"கைநாட்டு வாங்கலாமே?" என்றார் திருமேனி.

"பெருவிரலைச் சப்பிக்கிட்டே இருக்கானேய்யா. ஈரமான ரேகை செல்லாது."

மூவரும் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்கள். கடைசியில் அம்பலவாணர் சொன்னார்: "இதுல கஷ்டமே இல்லைம்மா. பையன் பள்ளிக்கூடம் போய்க் கையெழுத்துப் போடக் கத்துக்கட்டும். அதுவரைக்கும் மாடு இங்கேயே பத்திரமா இருக்கும். ஒரு ஆறு வருஷம். நம்ம அலுவலகத்துல இவ்வளவு சீக்கிரமா எந்த மனுவும் முடிஞ்சதில்லை."

பவளக்கொடி பசுவைப் பார்த்தாள். மடி கனத்து நின்றது. பிள்ளையைப் பார்த்தாள். தொண்டை கட்டும்வரை அழுதுவிட்டு விக்கிக்கொண்டிருந்தான்.

"ஐயா, பாலையாவது கறந்து ஊத்துங்க. பிள்ளை பசிக்கு அழுவுறான்."

"மாட்டைப் பத்திதாம்மா உத்தரவு. பாலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. இல்லாததை எடுத்துக் குடுத்தா நாளைக்கு யார் பதில் சொல்றது?"

'முருகா, இவங்களுக்கும் சேர்த்து நான்தான் கும்பிடணும் போல' என்று நினைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள் பவளக்கொடி.

சாயங்காலம் பசு கத்துகிற கத்தலில் அலுவலகத்தில் யாராலும் தூங்க முடியவில்லை. வேறு வழியின்றிக் கொண்டல்சாமி கறந்தார். திருமேனி தயிர் கொண்டுவருகிற செம்பில் ஊற்றினார்கள். அவர் அதை எப்போதும் அரைகுறையாகத்தான் கழுவுவார். 'பால், ஒரு செம்பு' என்று ஏட்டில் ஏற்றி, மூடி, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டினார்கள்.

மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் செம்பு நிறையத் தயிர்.

"ஐயையோ! பாலைக் காணோம்!"

"பூட்டு பூட்டினபடி இருக்கே?"

"கைதேர்ந்த திருடன் ஐயா. பாலை எடுத்துக்கிட்டு, சத்தம் போடாம தயிரை வச்சிட்டுப் போயிருக்கான்."

"நல்ல குடும்பத்துப் பிள்ளை போல" என்றார் கொண்டல்சாமி. "வெறுங்கையா வரலை பாருங்க."

மரத்தடியிலிருந்து பவளக்கொடி எழுந்து வந்தாள். "ஐயா, அந்தப் பால்தானுங்க தயிராச்சு."

மூவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "அம்மா, நேத்து நம்ம கண்ணு முன்னாடிதானே கறந்தது? எந்த ஊர்லம்மா மாடு தயிர் கறக்குது?"

பால் ஒருவேளை தயிருக்கு அடியில் ஒளிந்திருக்கலாம் என்று திருமேனிக்கு ஒரு சந்தேகம். அளவுகோலை விட்டுக் கலக்கித் தேடினார். நம்பிக்கை தளராமல் மதியம்வரை தேடினார். மேலே வெண்ணெய் திரண்டது. கீழே மோர் நின்றது.

"போச்சு! இப்பத் தயிரும் போச்சு. ஒண்ணு போய் ரெண்டு வந்திருக்கு!"

"பகல்லயே வர ஆரம்பிச்சுட்டான். அதுவும் நாம பார்த்துக்கிட்டிருக்கும்போதே!"

வெண்ணெயையாவது காப்பாற்றுவோம் என்று ஒரு கிண்ணத்தில் போட்டு, அரக்கு உருக்குகிற அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துச் சூடாக முத்திரை குத்தப் போனார்கள். பேச்சு சுவாரசியத்தில் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. பார்த்தால் கிண்ணத்தில் நெய். அறை முழுக்க மணம்.

"நெய்க்கு வந்துட்டான்" என்றார் அம்பலவாணர். "ரெண்டே நாள்ல பால்லேருந்து நெய்! இருபத்திரண்டு வருஷமா இருக்கேன், எனக்கு ஒரு பதவி உயர்வு உண்டா?"

இனிமேல் காவல் போடாமல் முடியாது என்று தீர்மானமாயிற்று. எப்படிப்பட்ட ஆளைப் போடுவது என்று பேச்சு வந்தது.

"பொய் சொல்லத் தெரியாதவனா இருக்கணும்" என்றார் அம்பலவாணர்.

"செம்பைத் தூக்கிட்டு ஓட முடியாதவனா இருக்கணும்" என்றார் திருமேனி.

"கையில காசைத் திணிச்சா அது என்னன்னே தெரியாதவனா இருக்கணும். அப்புறம், வேலை நேரத்துல டீக்கடைக்குப் போகாதவனா இருக்கணும்" என்றார் கொண்டல்சாமி.

கடைசியில் சொன்னதைக் கேட்டு மூவரும் டீக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

வேலைக்குப் பதிந்துவிட்டுப் பதினெட்டு வருஷமாகக் காத்திருந்தவர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவரும் தேறவில்லை. எல்லாருக்கும் ஓடத் தெரிந்திருந்தது.

பவளக்கொடி தன் இடுப்பைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, என் மகன் இருக்கான்."

நேர்காணல் உடனே நடந்தது.

"தம்பி, பொய் சொல்வியா?"

மணிமாறன் பெருவிரலைச் சப்பினான்.

"சொல்வேன்னு சொல்லலை. குறிச்சுக்கோ. டீ குடிப்பியா?"

மணிமாறன் கொட்டாவி விட்டான்.

"டீன்னாலே தூக்கம் வருது. அருமையான பையன்!"

அன்றைக்கே வேலை உத்தரவு ஆயிற்று. சம்பளம், கையெழுத்துப் போட்டு வாங்கத் தெரிந்த பிறகு. காவல்காரருக்கு நடக்கத் தெரியாததால் தூக்கிவர அம்மாவுக்கும் அனுமதி.

மறுநாள் பசுவைக் கறந்து, செம்பை மணிமாறனுக்கு எதிரில் வைத்துவிட்டு, காவலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று மூவரும் டீக்கடைக்குப் போனார்கள். பவளக்கொடி அரக்கு அடுப்பில் பாலைக் காய்ச்சினாள். ஆற்றி, சங்கில் எடுத்து, சாமியை நினைத்துக்கொண்டு முதல் மடக்கைப் புகட்டினாள். பிள்ளை மடக் மடக்கென்று குடித்தான். அழுது அழுது சிவந்திருந்த முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. மிச்சத்தை அவளும் குடித்தாள். அவளுக்கும் நாலு நாள் பசி.

மூவரும் வந்து செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

"தயிர் இருக்கா?"

"இல்லைங்க."

"வெண்ணெய்? மோர்? நெய்?"

"சொட்டு இல்லைங்க ஐயா."

"பிள்ளை குடிச்சிட்டானுங்க ஐயா" என்றாள் பவளக்கொடி. அவளுக்குப் பொய் வராது.

"அந்த விவரம் எல்லாம் எங்களுக்கு எதுக்கும்மா? திருடன் எதையும் வச்சிட்டுப் போகலை. அதுதானே முக்கியம்?" அம்பலவாணர் காவல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரே நாள்ல திருட்டை நிறுத்திட்டாரே!"

அன்றிலிருந்து தினமும் காவல் நடந்தது. காவல்காரருக்குக் கன்னம் உப்பியது.

மகனுக்கு அரசாங்க வேலை என்று அடுத்த ஊர் வரைக்கும் செய்தி போய்விட்டது. ஒரு மாதத்தில் செங்கோடன் மீசையை முறுக்கிக்கொண்டு மனுவோடு வந்து நின்றான். 'என் மகன் உத்தியோகத்தில் இருக்கிறார். பெற்ற தகப்பனைக் கவனிக்கவில்லை. அவர் என்னைப் பராமரிக்க உத்தரவிட வேண்டும்.'

பவளக்கொடி மாட்டுக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். பசு போய்விடுமோ?

"நியாயமான மனுதான்" என்றார் அம்பலவாணர். "படிவத்தை எடுய்யா."

திருமேனி எடுத்தார். "ஐயா, இதுல ரெண்டே கட்டம்தான் இருக்கு. 'பராமரிக்கும் தந்தை'ன்னு ஒண்ணு. 'பராமரிக்கப்படும் குழந்தை'ன்னு ஒண்ணு."

"புதுசாக் கட்டம் போட நாம யாரு? உள்ளபடி எழுது."

உள்ளபடி எழுதினார். தந்தை: மணிமாறன், வயது எட்டு மாதம். குழந்தை: செங்கோடன், வயது முப்பத்தொன்று.

"சரி, நான் என்னத்தை எடுத்துக்கிட்டுப் போறது? மாட்டையா?" என்றான் செங்கோடன், கயிற்றைப் பார்த்தபடி.

"குழந்தை கையில மாட்டைக் குடுக்கிறதா? மிரண்டா என்ன ஆகும்?" என்று பதறினார் கொண்டல்சாமி. "கொஞ்சம் பெரிய குழந்தைதான். மீசையோட பொறந்திருக்கு, பாவம்." சொல்லிக்கொண்டே வேப்பமரக் கிளையில் தொட்டில் கட்டினார்.

"ஏய், விடுங்கய்யா! நான் வீட்டுக்குப் போறேன்!"

"அழுவாதே ராசா" என்றார் கொண்டல்சாமி. மூவருமாகச் சேர்ந்து அவனைத் தூக்கித் தொட்டிலில் போட்டார்கள். பால் காவலில் இருந்ததால் கஞ்சித் தண்ணி புகட்டினார்கள்.

செங்கோடன் தொட்டிலிலிருந்து தலையை நீட்டிக் கத்தினான்: "நான் போகணும்னா என்னய்யா செய்யணும்?"

அம்பலவாணர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒண்ணும் பெரிசா இல்லை. தந்தை கையெழுத்துப் போட்டு அழைச்சிட்டுப் போகலாம்."

எல்லாரும் தந்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். தந்தையார் பெருவிரலை வாயிலிருந்து எடுக்கவில்லை.