சாவியை உருவிய பிறகும்

போடி மெட்டு மேலே சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், மிச்சமிருக்கும் என் மூன்று பல்லும் இப்போதே கொட்டட்டும்!

"இன்னும் எத்தனை நாள் ஓடும், தாயி?"

கேட்டவர் சுருளியாண்டி. அறுபது வயசு. விடிந்தால் பதினாலு பெண்களை ஜீப்பில் ஏற்றி, மலைமேல் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுகிறவர்.

கேட்கப்பட்டவள் ஒச்சம்மா. மெக்கானிக். அவரைவிட இருபது வயசு இளையவள். டீசல் இன்ஜின் மேல் காது வைத்தால் அதன் ஆயுசைச் சொல்லிவிடுவாள். மலைக்கு வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவள்தான் குரு.

அந்த ஜீப் விட்ட புகைக்குள் ஒரு கொக்கு வெள்ளையாக நுழைந்து காக்கையாக வெளியே வந்தது. நானே பார்த்தேன்.

"இன்ஜினை இறக்கிருவோம்ணே," என்றாள். "உள்ள பூராம் தேஞ்சு போச்சு. வேற இன்ஜின் சாக்குக்கு அடியில தயாராக் கெடக்கு. மூணு தடவை சொல்லிட்டேன்."

"இருபத்தெட்டு வருசம், தாயி! எம் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனப்பக்கூட இது என்னைய விட்டுப் போகல."

"மதினி போனதே இந்தப் புகை தாங்காமத்தான்."

"ஆயில் கொஞ்சம் குடிக்குது, அம்புட்டுத்தான். இன்னைக்கு அளவுக்கு மேலயே ரெண்டு லிட்டர் ஊத்திட்டு வந்திருக்கேன். குடிக்கட்டும்."

ஒச்சம்மா நிமிர்ந்தாள்.

"அளவுக்கு மேலயா?"

அதற்குள் அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிட்டார்.

இன்ஜின் உறுமியது. பிறகு உறுமல் தானாக ஏறியது.

"காலை எடுங்கண்ணே!"

"எடுத்துட்டேன்!"

"அணைங்க!"

சாவியைத் திருப்பினார். நிற்கவில்லை.

உருவினார். நிற்கவில்லை.

ஊற்றிய ஆயிலையே டீசலாகக் குடித்து, வெறி பிடித்து ஏறியது சத்தம். பட்டறைத் தகரம் அதிர்ந்தது. நீலப் புகையில் பகல் இருண்டது.

"வெடிக்கப் போகுது!"

யாரோ கத்தினார்கள். பட்டறை காலி.

ஒச்சம்மா ஓடவில்லை. பானட்டைத் தூக்கினாள். காற்றுக் குழாயைப் பிடுங்கினாள். தான் உட்காரும் பலகையை எடுத்து, இன்ஜின் மூச்சிழுக்கும் வாயில் வைத்து, உடம்பு மொத்தமும் சாய்த்து அமுக்கினாள்.

பலகை நடுங்கியது. அவளும் நடுங்கினாள்.

சத்தம் இன்னும் ஏறியது.

அவள் கையை எடுக்கவில்லை.

இன்ஜின் ஒரு விக்கு விக்கியது. வண்டி குலுங்கியது. நின்றது.

புகை விலக வெகுநேரம் ஆயிற்று. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"இங்க, தாயி."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஜ்ஜிக் கடைக்குப் பின்னாலிருந்து தலை மட்டும் தெரிந்தது. பிறகு கை. கையில் சாவி.

"அங்க எப்பப் போனீங்க?"

"தெரியல. குதிச்சேன். ஓடுனேன்."

ஒச்சம்மா பலகையைத் தரையில் போட்டு உட்கார்ந்தாள். ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிராக இருந்த இரண்டு நீள சீட்டையும் பார்த்தாள். ரெக்சின் கிழிந்த இடத்தில் யாரோ ஒருத்தியின் தூக்குவாளி மூடி கிடந்தது.

"மலையில பன்னெண்டாவது வளைவுல," என்றாள், "ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்னண்ணே இருக்கு?"



அவர் ரோட்டைக் கடந்து வந்தார். சாவியை அவள் பக்கத்தில் வைத்தார். சுவரில் தொங்கிய ஸ்பேனரைத் தானே எடுத்தார்.

"மொதல்ல எந்த போல்ட், தாயி?"

யார் சொன்னதென்று எவர் கேட்டாலும் என் பேரை எடுத்துவிடாதீர்கள். அந்தக் கடைக்குப் பின்னால் அவருக்கு முன்பே போய்ப் படுத்திருந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும்.