நூலை அறுக்காத நாங்கு மரம்

ஒரு மலையில ஒரு ஓடை, அந்த ஓடைக்கரையில ஒரே ஒரு நாங்கு மரம். ரெண்டு ஆள் உயரம். எங்கே, "ம்" சொல்லு.

ம்.

அந்த மலையில ஒரு வழக்கம். ஆடி பிறந்ததும் மரத்து இடுப்புல நூல் கட்டுவாங்க. மரம் பருத்து நூலை அறுத்துட்டா, யாரும் தொடக் கூடாது. அடுத்த ஆடி வரைக்கும் அறுக்கலேன்னா வெட்டிக்கலாம். போன வருஷம் மேற்குப் பக்கம் முப்பத்திரெண்டு மரத்தை வெட்டித் தோட்டம் போட்டாங்க. மிச்சம் இது ஒண்ணுதான். இதுவும் பருக்கலை.

அந்த மலையில வெள்ளச்சின்னு ஒருத்தி. அவளுக்கு மட்டும் இதை வெட்ட மனசு ஒப்பலை. அவ கொழுந்தன் சடையன் சர்ரு சர்ருனு கோடாலியைத் தீட்டினான்.

"மதினி, என் குடிசைக்கு ஒரு தூண் குறையுது."

"ஆடிக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கு. போடா."

அப்புறம் அவ ஓடையில மொண்டு மொண்டு ஊத்தினா, சளக் சளக். நாப்பத்தொண்ணு குடம். நாப்பது இல்லை, நாப்பத்தொண்ணு. ஒரு மாசம் போச்சு. நூல் தொளதொளன்னே கிடந்துச்சு.

"ஓடைக்குள்ள காலை விட்டு நிக்குற மரத்துக்குத் தண்ணி ஊத்துறாளே!"ன்னு சடையன் சிரிச்சான்.

அப்புறம் இலை மக்கின உரம் ஒன்பது கூடை போட்டா. ரெண்டாவது மாசமும் போச்சு. நூல் அசையலை.

ம்.

அப்போ ஒரு உச்சி வேளை. சேலையை அலசிக் காயப்போட்டு, வெத்தலை மடிச்சு வாயில வைக்கலை, அதுக்குள்ள சேலை மொறுமொறுன்னு காஞ்சிருச்சு! வெள்ளச்சி மரத்தை நிமிர்ந்து பாத்தா.

"உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்."

மரம் முனகுச்சு. "கால் நனைஞ்சுதான் இருக்கு தாயி. காத்துதான் காயுது. வாயைத் திறந்தா என் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிருது. அதான் இலைக்கு இலை வாயை மூடிக்கிட்டேன். வாயை மூடினவ எப்படிச் சாப்பிடுறது, எப்படிப் பருக்குறது?"

அவ மேற்கே திரும்பினா. முப்பத்திரெண்டு மரம் நின்ன இடம் வெட்டவெளி. அது வழியா மேலக்காத்து ஹோன்னு வந்துச்சு.

அன்னிக்கே ஈத்தை மூங்கிலை வெட்டினா. இருபத்தேழு தட்டி முடைஞ்சு, மேற்குப் பக்கம் மரத்து உசரத்துக்குக் கட்டினா. காத்து தடால்னு தள்ளுச்சு. கட்டினா. மறுபடி தள்ளுச்சு. மறுபடி கட்டினா. உச்சி வேளையானா தண்ணியைக் காலுக்கு ஊத்தலை, தட்டி மேல தெளிச்சா. ஈரக்காத்து குளுகுளுன்னு இலையைத் தடவுச்சு. ஒவ்வொரு இலையா வாயைத் திறந்துச்சு.

ம்.

ஆடி பிறக்க ஒரு நாள். சடையன் கோடாலியோட வந்தான். நூல் மரத்தை இறுக்கிக்கிட்டு இருந்துச்சு, ஆனா அறுந்து போகலை. அவன் கோடாலியை ஓங்கினான்.

"பொழுது இன்னும் விழலைடா"ன்னு வெள்ளச்சி குறுக்க நின்னா.

நின்னா, நின்னா, பொழுது மலையைத் தொடுற வரைக்கும் நின்னா. அப்போ... பொட்!

சடையன் கோடாலியை இறக்கினான். "இப்ப நான் என்ன மதினி செய்ய?"

"குழி தோண்டு. மேற்குப் பக்கம், முப்பத்திரெண்டு கன்னு நட."

அவன் தோண்ட ஆரம்பிச்சான். கதையும் ஆச்சு, கண்ணும் சொக்குது, தூங்கு ராசா.