கதவுக்கு அந்தப் பக்கம்

வெள்ளம் பாய்ந்து வருகிற கதவை ஒத்தை ஆளாகச் சாத்த முடியுமா, சொல்லுங்க? நம்ம வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேர் உள்ளேயிருந்து முட்டுக்கொடுத்தாலே நமக்கு மூச்சு வாங்கிவிடுகிறது.

கமாண்டர் தாணுலிங்கம் சாத்தினாராம். போரில் குண்டு பட்டுக் கப்பலின் அடியறை கிழிந்தது. அவர் அந்த அறையின் இரும்புக் கதவைச் சாத்தி, கப்பலைக் காப்பாற்றினார். அதற்குத்தான் பதக்கம்.

ஓய்வுபெற்று வெகுகாலம் கழித்து, அவர் ஒரு மலையடிவார மடத்துக்கு வந்தார். அங்கே குரு அமுதாம்பிகை. அவரைவிட இருபது வயது இளையவர். சீடர்களோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, நான் கதவைச் சாத்தினப்போ உள்ளே மிக்கேல்னு ஒரு மாலுமி மாட்டிக்கிட்டான். ‘அப்பா கடைசியில என்ன செஞ்சார்?’னு அவன் மக செல்வி கேக்கிறா. நான் என்ன சொல்ல?”

“இதுவரைக்கும் என்ன சொன்னீங்க?”

“நாட்டுக்காக உயிரை விட்டார்னு.”

“அதுக்கு அவ?”

“‘அது எல்லாருக்கும் சொல்றதுதானே மாமா’ன்னுட்டா.”

குரு சிரித்துவிட்டார். “விவரமான பொண்ணு. உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“உள்ளதா? நான்தான் அவனைக் கொன்னேன். அதை எந்த வாயால சொல்ல?”

குரு கீரையை ஒதுக்கி வைத்தார்.

“எப்படிச் சாத்தினீங்க? செஞ்சு காட்டுங்க.”

மடத்து நெல்லறைக்குக் கனமான பலாமரக் கதவு. நான்கு சீடர்களை உள்ளே அனுப்பினார் குரு. “நீங்கதான் கடல். தள்ளுங்க.”

கமாண்டர் வேட்டியை மடித்துக் கட்டித் தோள் கொடுத்தார். கதவு அசையவில்லை. உள்ளே கடல் கெக்கலி கொட்டிச் சிரித்தது.

“அப்போ எனக்கு இளவயசு” என்றார் இரைக்க இரைக்க.

“இது நாலே பேருதான். அது கடல்.”



குரு கதவிடுக்கில் ஒருக்களித்து உள்ளே போய், கதவின் உட்பிடியைப் பற்றிக்கொண்டார். “ம், இப்போ தள்ளுங்க.”

தள்ளினார். கதவு நகர்ந்தது. மெல்ல மெல்ல, முக்கி முனகி, சாத்தியேவிட்டது. அவர் நாதாங்கியைத் தேடிக் கையை நீட்டுவதற்குள், உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

நீட்டிய கை அப்படியே நின்றது.

கப்பல் கதவின் இரும்புப் பிடியை இரண்டு பக்கமிருந்தும் திருப்பலாம். அன்றைக்கும் அவர் தொடும் முன்னே அது திரும்பிக்கொண்டது. கப்பல் குலுங்கியதில் விழுந்திருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

“கமாண்டரே!” உள்ளேயிருந்து குருவின் குரல். “பூட்டினது நீங்களா?”

அவர் நெற்றியைக் கதவில் வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“செல்வி, மாமா பேசுறேன். நாளைக்கு வீட்டுல இரும்மா. உன் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வச்சுக்கோ. உங்க அப்பா கடைசியில என்ன செஞ்சார்னு செஞ்சு காட்டணும், கடலுக்கு ஆள் வேணும்.”