மணி அடிக்கும்னு சொன்ன பூ

ஒரு மலை ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்கா காத்தாயி, தங்கச்சி நாகு. நாகுவுக்குப் பிறந்ததுலேர்ந்து கண்ணு தெரியாது. ம் கொட்டுறியா? அத்தை சொல்லும்போதே தூங்கிடாத.

ஒருநாள் உப்பு விக்கிறவர் மூணு சிட்டிகை விதை குடுத்து, மணி மாதிரியே பூ பூக்கும்னாரு. நாகு கேட்டா, "அப்போ அடிக்குமாக்கா?" அவ முகத்தப் பாத்து இல்லேன்னு சொல்ல வாய் வரல. "அடிக்கும்"னுட்டா காத்தாயி.

சொல்லிட்டா, இப்போ முழிக்கிறா.

விதைன்னா விதையா அது? மூக்குப்பொடி. மொத சிட்டிகைய அவரைக்கொட்டை நடுற மாதிரி ஆழமாப் புதைச்சா. வெளிச்சம் படாம அப்படியே போச்சு. அப்புறம் ரெண்டாவத மண்ணு மேலயே தூவி, குடத்தோட சளார்னு ஊத்தினா. வெதையெல்லாம் வாய்க்கால்ல போச்சு. ம்... மூணாவத மூச்சப் புடிச்சுக்கிட்டுத் தூவினா. வேப்பங்கொத்தத் தண்ணியில நனைச்சு, சொட்டு சொட்டாத் தெளிச்சா.

மொளைச்சுது! ஆனா ஒரு வருஷம் முழுக்க வெறும் எலை. களைதானே, புடுங்கிப் போடுன்னு ஊரே சொல்லுது. நாகு தெனமும் வந்து "அடிக்குதா?"ம்பா. காத்தாயி இன்னும் கொஞ்சம் தண்ணி தெளிப்பா.

அப்புறம் மறுவருஷம் தண்டு விட்டுது பாரு, கொத்துக் கொத்தா, நீலமா, நூறு மணி! ஊரே வந்து வாயப் பொளந்து நிக்குது. பொசுபொசுன்னு தூறல் வேற. காத்தாயி ஒரு பூவ ஆட்டிப் பாத்தா. சத்தமே இல்ல. அழுதுட்டா. "நான் பொய் சொல்லிட்டேன் நாகு. இது அடிக்காது."

நாகு கோவிச்சுக்கல. தடவித் தடவிப் போயி, ஒரு பூகிட்ட காத வச்சா.

"அக்கா, பேசாத."

தூறலுக்குப் பயந்து, பூவுக்குப் பூ ஒரு தேனீ உள்ள ஒதுங்கியிருக்கு. ங்ங்ங்ங்... ஒவ்வொண்ணும் ஒரு சுதி. தோட்டமே ங்ங்ங்ங்னு அதிருது. இத்தன பேரு நின்னும் ஒருத்தர் காதுலயும் விழல.

"அடிக்குதுக்கா"ன்னா நாகு. "எல்லாமே அடிக்குது."

காத்தாயி கண்ணத் தொடச்சுக்கிட்டா. அவளும் குனிஞ்சா. அப்புறம் ஊரே ஒவ்வொருத்தரா வந்து குனிஞ்சுது. நல்லாக் கேக்கணுமேன்னு, கண்ணு இருக்கிறவங்க அத்தன பேரும் கண்ண மூடிக்கிட்டாங்க.

நீயும் மூடிக்க. அவ்ளோதான் கதை, தூங்கு.