கொற்றன் கொண்டுவந்த காணிக்கை

முன்னொரு காலத்தில், ஆறு வற்றினாலும் அடியார் பாட்டு வற்றாத ஒரு நாட்டைப் பரிதிவளவன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். கொடையிலும் பத்தியிலும் அவனைக் குறை சொல்ல இயலாது. ஆனால் அரசர்க்கே உரிய ஒரு தொல்லை அவனைப் பிடித்திருந்தது. அவனைக் காண வருவோர் வெறுங்கையோடு வருதல் வழக்கமன்று. ஆகவே இருபது ஆண்டுகளாக வாங்கிய முத்துமாலையும் சந்தனக்கட்டையும் மயிற்பீலி விசிறியும் காணிக்கை மாடத்தில் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. ஒருநாள் காலையில் வெளியூர் வணிகன் ஒருவன் வெள்ளி யானை ஒன்றைக் கொண்டுவந்து பணிந்து வைத்தான். மாடத்துக் காவலர் குனிந்து, "இது நாற்பத்தோராவது வெள்ளி யானை, அரசே" என்று மெல்லச் சொன்னார்.

அரசனுக்குப் பொறுக்கவில்லை. "இன்றுமுதல் எம்மை முதன்முறை காண வருபவர் எவராயினும், இதுவரை யாரும் எமக்குக் கொடாத ஒன்றையே கொண்டுவருதல் வேண்டும். மற்றவர்க்கு நம்மிடம் அலுவல் இல்லை" என்று ஆணை பிறப்பித்தான்.

அந்த ஆணை முதலில் போய் மோதியது ஒரு மண்டபத்தின்மேல்.

சென்ற கார்த்திகையில், கோயில் முன்றிலில் பாடல் விழா நடந்துகொண்டிருந்தபோது, பெருமழையில் ஓலைப்பந்தல் சரிந்து ஓதுவார் இருவருக்குக் கால் முறிந்தது. சரிந்த பந்தலைத் தோளால் தாங்கிக்கொண்டு, அடியில் சிக்கியவர்களை இழுத்து வெளியே விட்டவர்களுள் அரண்மனை விகடகவி அம்பலத்தாடியும் ஒருவன். மூங்கில் முறிந்த அந்த ஓசை அவன் செவியைவிட்டு அகலவே இல்லை. அரசனோ, ஆயிரம் பேர் அமர்ந்து பாடல் கேட்கும்படி கல்லாலும் சுதையாலும் மண்டபம் எடுப்பேன் என்று சந்நிதியில் நின்று வாய்விட்டுச் சொல்லியிருந்தான். மழைக்காலம் மீண்டும் வந்துவிட்டது. கட்டுவிக்கும் பொறுப்பை ஏற்கத் தக்க கொத்தனாரைத் தேடும்படி அமைச்சர் மகுடேசுவரர்க்குக் கட்டளையாயிற்று.

அமைச்சர் அழைத்துவந்தவன் விசுவபதி. பட்டுத் தலைப்பாகையும் பன்னீர் மணமுமாக அவன் அவைக்குள் நுழைந்தபோதே பாதி மண்டபம் எழும்பிவிட்டது போலிருந்தது. சிவிகையில் வைத்துச் சுமந்துவந்த பொருளின்மேல் இருந்த திரையை நீக்கினான். முழங்கை உயரத்தில் பொன்னாலே செய்த மண்டபம்! கூரையோரக் கொடுங்கையில் கிளிகள், கிளியின் மூக்கில் மாணிக்கம். அவை முழுவதும் ஒரே குரலில் வியந்தது.

"அரசே, கட்டப்போகும் மண்டபத்தையே கைக்கு அடக்கமாகக் கொடுத்தவர் யாரும் உண்டோ?" என்றார் அமைச்சர்.

மாடத்துக் காவலர் கண்களை மூடி நினைவைத் துழாவி, "மண்டபமாக வந்ததில்லை" என்றார்.

அரசன் மகிழ்ந்து வினவினான். "பங்குனி உத்திரத்துக்குள் முடியுமா?"

"ஆகட்டும், அரசே! உத்திரத்துக்குப் பதினைந்து நாள் முன்னரே விளக்கேற்றலாம்."

"ஏரிக்கரைமேல் எழுப்ப வேண்டும். காற்று வரும்."

"ஆகட்டும், அரசே!"

"உள்ளே ஒரு தூணும் கூடாது. சந்நிதி எவர் கண்ணுக்கும் மறையலாகாது."

"ஆகட்டும், அரசே!"

எல்லோரும் முகம் மலர்ந்திருக்க, அம்பலத்தாடி மட்டும் பொன் மண்டபத்தின் அருகே சம்மணமிட்டு அமர்ந்து, அதன் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தான்.

"என்ன தேடுகிறீர்?" என்றான் அரசன்.

"மழைநீர் இறங்கும் வழியைத் தேடுகிறேன், அரசே. கிளிக்கு மூக்கு வைத்தவர் கூரைக்குத் தூம்பு வைக்க மறந்துவிட்டார். வந்து ஒரு நாழிகை ஆகிறது. இந்த மண்டபத்தில் பாடுவோர் எத்தனை பேர், எங்கே நிற்பார்கள் என்று இவர் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை."

தம்முடைய ஒன்பது சொல் விகடகவியின் ஒரு சொல்லுக்குத் தோற்பதைப் பலகாலம் கண்டு புழுங்கியவர் மகுடேசுவரர். இன்று வழி கிடைத்தது. "அரசே, குறை காண்பது எளிது. விகடகவியே ஒரு கொத்தனாரைக் கொண்டுவரட்டும். ஆணைப்படி, இதுவரை எவரும் தங்களுக்குக் கொடாத ஒன்றை அவன் கொடுக்கட்டும். அவனை அறிந்தவர் என்று யாரையேனும் அழைத்துவந்து புகழ்மொழி ஓதவைப்பதும் கூடாது. மூன்று நாளில் இயலாவிடில் விகடகவி இந்நாட்டைவிட்டு நீங்கட்டும்."

அரசன் சற்றே தயங்கினான். பின் பொன் கிளிகளைப் பார்த்தான். "அப்படியே ஆகுக" என்றான்.

அம்பலத்தாடி சிரித்துக்கொண்டே வணங்கி வெளியே வந்தான். தெருமுனை திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. விடியுமுன் கோயிலுக்குப் போய், தென்புறத் தூணருகே நின்று, பள்ளியெழுப்பும் பாடலைக் கேட்டபின்பே அவன் வாயில் நீர் படும். வேறு நாட்டிலும் கோயில் உண்டு; அந்தத் தூண் இல்லையே! இருபது ஆண்டுகளாக இறைவனை ஒரே கோணத்திலிருந்து பார்த்தவனுக்கு வேறொரு கோணம் பழகுமோ? இந்த எண்ணம் வந்ததும் அவன் கண் கலங்கிற்று.

முதல் நாள் முழுவதும் கொத்தனார்களைத் தேடினான். அவரவர் தம் பெருமையை அவரவரே பேசினர். இரண்டாம் நாள், கொத்தனாரை விட்டுவிட்டு வீடுகளைப் பார்க்கத் தொடங்கினான். உச்சிவேளையில் வானம் உடைந்து கொட்டியது. செக்கு ஆட்டும் நாச்சி என்பவளின் எண்ணெய்க் கொட்டகைக்குள் ஓடி ஒதுங்கினான். தெருவெல்லாம் முழங்கால் நீர். ஊரே ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தக் கொட்டகையிலோ எள்ளுக்குவியல் ஈரம் படாமல் காய்ந்து கிடந்தது.

"அம்மணி, இதைக் கட்டியது யார்?" என்று கேட்டான்.

நாச்சி எண்ணெய் அளக்கும் உழக்கைத் தரையில் எறிந்தாள். "அந்தக் கொற்றன் பேரை எங்கிட்ட எடுக்காதீங்க சாமி! அப்புறம் என் வாய் நிக்காது."

அம்பலத்தாடியின் முகம் முதன்முறையாகத் தெளிந்தது. "அது நிற்க வேண்டாம், அம்மணி. நாளை அரசவைக்கு வந்து பேச வேண்டும்" என்றான்.

மழை விட்டதும் கொற்றனைத் தேடிப்போனான். அவன் தொட்டியில் இறங்கிச் சுண்ணாம்பைக் கடுக்காய் நீர் விட்டு மிதித்துக்கொண்டிருந்தான். புருவம்வரை வெண்மை. விவரம் கேட்டவுடன், "மகாராசா ஏரிக்கரையிலயா கட்டச் சொல்றாரு? அதுல பாருங்க சாமி..." என்று வாயெடுத்தான்.

"என்னிடம் சொல்லாதே. உனக்குத் தோன்றுவதை, தோன்றுகிறபடியே, அவரிடம் சொல்" என்று கையமர்த்திவிட்டு அம்பலத்தாடி திரும்பிவிட்டான். இவன் அங்கே அஞ்சி நாக்கைப் புரட்டினால் நம் கதை முடிந்தது என்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் சொல்லிக்கொடுத்த உண்மையைச் சுமந்துகொண்டு அவைக்குள் நுழைய அவன் மனம் ஒப்பவில்லை.

மூன்றாம் நாள் அவை கூடியது. பொன் மண்டபத்தின் பக்கத்தில் விசுவபதி புன்னகையோடு நின்றான். கொற்றன் வாயிலருகே, துவைத்த வேட்டியோடும் வெறுங்கையோடும் நின்றான்.

"முதலில் இவனிடம் வேலை வாங்கியவரைக் கேளுங்கள், அரசே" என்றான் அம்பலத்தாடி.

"புகழ்மொழி கூடாது என்பது நிபந்தனை!" என்று துள்ளினார் அமைச்சர்.

"ஒரு சொல் புகழ்ந்தாலும் நான் இப்போதே புறப்படுகிறேன்."

நாச்சி முன்னே வந்தாள். அரசனைக் கண்டு ஒருகணம் அடங்கியவள், கொற்றனைக் கண்டதும் பொங்கிவிட்டாள்.

"மகாராசா, வந்த மொத நாளே இவன் என்ன செஞ்சான் தெரியுங்களா? தாம்பாளத்துல வெத்தல பாக்கு வெச்சு வேலைய ஒப்படைக்கலாம்னு நீட்டுனேன். தொடல! 'மண்ணத் தோண்டிப் பாத்துட்டு எடுத்துக்கறேன் ஆத்தா'ன்னான். என் வீட்டு முத்தத்துல மூணு குழி. ஒண்ணுல என் எருமை விழுந்துச்சு!"

அவையில் சிரிப்பு எழுந்தது.

"எந் தம்பி சூளையிலேருந்து செங்கல் எறக்கி வெச்சிருந்தேன். ஒண்ணத் தட்டிப் பாத்தான், ஒண்ணத் தண்ணியில போட்டான். 'இது வேகல'ன்னுட்டான். எந் தம்பி இன்னிக்கு வரைக்கும் என் வாசப்படி மிதிக்கல. சுண்ணாம்ப ஊறவெச்சான், ஊறவெச்சான், எங்க வீட்டு ஊறுகாகூட அப்படி ஊறுனதில்ல. நான் ரெண்டு நாளு வெளியூரு போயிட்டு வந்தா, எழுப்பின சுவரக் காணோம்! 'தூக்குநூல் பிடிச்சேன், ஒரு விரக்கடை சாஞ்சிருந்துச்சு, நானே இடிச்சுட்டேன்'ங்கறான்."

"குறித்த நாளில் முடித்தானா?" என்றான் அரசன்.

"அதான் எனக்கு வயித்தெரிச்சல்! ஆடியில முடிப்பியாடான்னு ஆசையா கேட்டேன். கார்த்திகைக்கு முன்ன ஆகாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். சொன்ன மாதிரியே கார்த்திகையிலதான் முடிச்சான். பொய்யாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"இப்போது கூரை ஒழுகுகிறதா?"

"ஒழுகுனாத்தான் தேவலையே, மகாராசா! கூப்பிட்டு ஆசை தீரத் திட்டலாமே! ஏழு மழைக்காலம் ஆச்சு. ஒரு சொட்டு விழல. எனக்கு ஒரு காரணம் கெடைக்கலீங்க."

அரசன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். மகுடேசுவரர் குறுக்கிட்டார். "இது விகடகவி சொல்லிக்கொடுத்த பேச்சு!"

நாச்சி அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். "ஏன் சாமி, திட்டறதுக்கு எனக்கு ஆள் வெச்சுச் சொல்லிக்குடுக்கணுமா? வேணும்னா உங்களையே ஒருதடவ திட்டிக் காட்டட்டுமா?"

அமைச்சர் அவசரமாக இருக்கையில் அமர்ந்தார். பின்பு சமாளித்துக்கொண்டு, "இருக்கட்டும். காணிக்கை எங்கே? வெறுங்கையோடு அல்லவா வந்திருக்கிறான்?" என்றார்.

"அரசர் அன்று கேட்ட மூன்றையும் இவனிடம் கேட்கட்டும். காணிக்கை வரும்" என்றான் அம்பலத்தாடி. குரல் திடமாக இருந்தது.

அரசன் கொற்றனை நோக்கினான். "பங்குனி உத்திரத்துக்குள் மண்டபம் முடியுமா?"

கொற்றனின் பார்வை பொன் மண்டபத்தின்மேல் போய், பட்டுத் தலைப்பாகையின்மேல் போய், தன் வெறுங்கைக்குத் திரும்பி வந்தது. அந்த ஒருகணத்தில் அம்பலத்தாடி தென்புறத் தூணை நினைத்துக்கொண்டான்.

"முடியாதுங்க, மகாராசா."

வாயிற்காவலன் ஈட்டியை இறுகப் பிடித்தான்.

"ஈரத்துல அடித்தளம் போட்டா அது உக்கார நாளாகும். சுண்ணாம்பு பக்குவப்பட நாளாகும். வர்ற பங்குனி இல்ல, அதுக்கு அடுத்த பங்குனின்னா சொல்லுங்க, என் தலையக் குடுத்துச் செய்யறேன்."

"ஏரிக்கரைமேல்?" அரசனின் குரல் தணிந்திருந்தது.

"அங்க கட்டமாட்டேனுங்க. மழைக்கு அந்த மண்ணு ஊறி நெகிழும். ஆயிரம் பேரு உக்காருற எடம். கோயிலுக்கு மேற்கால மேடு இருக்கு. அங்கயும் தோண்டிப் பாத்த அப்புறந்தான் உறுதி சொல்லுவேன்."

"தூண் இல்லாமல்?"

"அவ்வளவு அகலத்தத் தூணில்லாம நிறுத்த எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவரு இருந்தா அவருகிட்ட நான் கூலிக்கு வாறேன். ஆனா, பாடுறவங்க எத்தனை பேரு, சாமிக்கு எந்தப் பக்கம் நின்னு பாடுவாங்கன்னு சொன்னீங்கன்னா, யாருக்கும் சந்நிதி மறையாத மாதிரி தூண் நிறுத்தலாம். மழைத்தண்ணி எந்தப் பக்கமா ஓடுதுன்னும் பாக்கணும்."

அம்பலத்தாடி முன்னே வந்து மாடத்துக் காவலரை வணங்கினான். "ஐயா, அரசர் அரியணை ஏறிய நாள்முதல் வந்த காணிக்கை அனைத்தும் உம் நினைவில் உள்ளன. முதன்முறை காண வந்த ஒருவன், அரசரின் முகத்துக்கு நேரே 'முடியாது' என்பதைக் கொடுத்ததுண்டா?"

காவலர் கண்களை மூடினார். வெகுநேரம் மூடியே இருந்தார். "யானை வந்தது. பவளம் வந்தது. பேசும் கிளிகூட வந்தது. அதுவும் 'ஆகட்டும்' என்றே பேசிற்று. இது வந்ததில்லை" என்றார்.

அரசனுக்குச் சென்ற கார்த்திகை நினைவுக்கு வந்தது. ஓலைப்பந்தல் போட்டவனும் அன்று, 'தாங்குமா?' என்று கேட்டதற்கு 'ஆகட்டும், அரசே' என்றுதானே சொன்னான்? அந்தச் சொல்லை இனிப்பாக விழுங்கியவர் யார்? முறிந்த கால்கள் எவருடையவை? அரியணையின் கைப்பிடியை அவன் விரல்கள் மெல்லத் தடவின.

மகுடேசுவரர் எழுந்தார். "அரசே! இது பெரிய வித்தையா? தாங்கள் விரும்பினால் விசுவபதியும் இக்காணிக்கையைக் கொடுப்பானே!"

அரசன் நிமிர்ந்தான். "நன்று. விசுவபதி, எம் சொல்லை மறுத்து ஒருமுறை பேசும்."

விசுவபதி கைகூப்பி, முகமெல்லாம் மலர்ந்து சொன்னான்: "ஆகட்டும், அரசே!"

அரசனுக்கு வந்த சிரிப்பில் மணிமுடி ஒருபக்கம் சரிந்தது. நாச்சி தலையில் அடித்துக்கொண்டாள். காவலர்களும் சிரித்தார்கள். அமைச்சர் மட்டும் பொன் கிளிகளை எண்ணுபவர்போலக் குனிந்துகொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அரசன் அரியணையைவிட்டு இறங்கி, வெற்றிலைத் தாம்பாளத்தைத் தானே எடுத்துக் கொற்றனிடம் நீட்டினான். கொற்றன் கையைப் பின்னுக்கு இழுத்தான். "மன்னிக்கணும், மகாராசா. மேட்டு மண்ணத் தோண்டிப் பாத்துட்டு..."

"காத்திருக்கிறோம்" என்றான் அரசன். பின்பு அவைக்கு அறிவித்தான்: "நம் நாட்டில் வேலை ஏற்க வருவோர், முதல் சந்திப்பிலே, தம்மால் ஆகாதது இன்னது என்று சொல்லுதல் வேண்டும். தம்மிடம் வேலை வாங்கியவருள், தம்மைத் திட்டும் ஒருவரின் பெயரையும் கொடுத்தல் வேண்டும். பொன்னும் பொம்மையும் வேண்டா."

அம்பலத்தாடியின் தோளில் தன் பொன்னிழை மேலாடையைப் போர்த்தினான். "இன்னும் வேண்டுவது கேளும்."

"இரண்டு ஆள் வேண்டும், அரசே."

"எதற்கு?"

"தங்கள் நீதியில் எனக்கு நம்பிக்கை உண்டு. என் மனையாளுக்கு என் சாமர்த்தியத்தில் அது இல்லை. முந்தாநாளே அம்மி உட்பட எல்லாவற்றையும் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டாள். அவிழ்க்க எனக்கு முதுகு தாங்காது."

அரசன் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினான். மூட்டை அவிழ்க்கப் பத்து ஆட்களை அனுப்பினான். அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை என்றும், அன்று மாலை அந்த வீட்டு வாசலில் அவிழ்த்த மூட்டைகளைவிட வந்திறங்கிய மூட்டைகளே அதிகம் என்றும் அந்நாட்டார் சொல்லுவார்கள்.